பனியனில் எழுதிய பெயர்

என் கல்லூரிப் பனியன் இப்போது வண்டி துடைக்கும் துணி. வெள்ளையாக இருந்து, பழுப்பேறி, கிரீஸ் கறை பிடித்து, மார்பில் இருந்த ஆங்கில எழுத்துகளில் இரண்டு மட்டும் மிஞ்சியிருக்கின்றன. வண்டி சீட்டுக்கு அடியில் அதைச் செருகி வைத்தவள் என் மனைவி. "இது என்னன்னு தெரியுமா உனக்கு?" என்று ஒருமுறை கேட்டேன். "தெரியும். நல்லாத் தண்ணி இழுக்கும்" என்றாள்.

அந்தப் பனியனைப் பற்றி யோசிக்க வைத்தது ஒரு விழா மலர். நான் படித்த கல்லூரியின் பழைய மாணவர்கள் மலர் கொண்டுவரப் போவதாகவும், அதில் 'விளையாட்டுத் துறையின் வரலாறும் அடையாளமும்' என்ற தலைப்பில் நான்கு பக்கம் எழுதித் தர வேண்டும் என்றும் கேட்டார்கள். கல்லூரியின் பெயர் இங்கே வேண்டாம். இரு பக்கமும் மலை நெருக்கி நிற்கும் கம்பம் பள்ளத்தாக்கில் எந்தக் கல்லூரிக்கும் இந்தக் கதை பொருந்தும். நான் 1500 மீட்டர் ஓடியவன், எழுதவும் செய்கிறவன் என்பதால் என்னைப் பிடித்தார்கள். ஓட்டத்தில் இரண்டு வருடம் நான்காவதாக வந்தேன். மேடை மூன்று பேருக்குத்தான். நான்காவதாக வந்தவன் மூச்சு வாங்கியபடி சுண்ணாம்புக் கோட்டுக்கு வெளியே உட்கார்ந்து அந்த மூவரையும் நிதானமாகப் பார்க்கலாம். எழுதுகிறவனுக்கு அது தோதான இடம்.

நான்கு பக்கம் ஒரு இரவு வேலை என்றுதான் நினைத்தேன். விளையாட்டு அறையில் கண்ணாடி அலமாரி இருந்தது. உள்ளே ஷீல்டுகள், முலாம் போன கோப்பைகள். அடிப்பகுதியில் ஒட்டியிருந்த தகடுகளில் பாதி உதிர்ந்து அலமாரியின் தரையில் கிடந்தன. எந்தத் தகடு எந்தக் கோப்பைக்கு என்று சொல்ல ஆள் இல்லை. சுவரில் மரப்பலகை ஒன்று; சாம்பியன்களின் பெயர்கள் மஞ்சள் பெயிண்டில் வரிசையாக வந்து ஒரு வருடத்தில் சட்டென்று நின்றுவிட்டன. அதற்குப் பிறகு யாரும் ஓடாமலோ தாண்டாமலோ இல்லை. பெயர் எழுதும் பெயிண்டர் வராமல் போயிருப்பார், அவ்வளவுதான்.

ஓய்வுபெற்ற பி.டி. சாரைத் தேடிப் போனேன். எண்பதைத் தொட்டுவிட்டவர், இன்னும் முதுகு வளையாமல் நாற்காலியில் உட்கார்கிறார். நான் கேட்டதும் சிரித்தார்.

"காலேஜ் வரலாறுன்னு எழுதாதப்பா. நம்ம வாலிபால் டீம்ல ஆறுல நாலு பேரு ஒரே ஊருக்காரப் பயலுக. லிஃப்ட் போட்டவனும் அடிச்சவனும் மாமன் மச்சினன். நான் அவனுகளுக்குச் சொல்லிக் கொடுத்தது ரெண்டே ரெண்டு விஷயம். ஷூ போடறது, நடுவர்கிட்ட சண்டை போடாம இருக்கறது. மிச்சமெல்லாம் ஊருலயே படிச்சுட்டு வந்துட்டானுக."

வீடு திரும்பும் வழியெல்லாம் அந்த வார்த்தை கூடவே வந்தது. உண்மைதான். இங்கே எந்த ஊரிலும் கதிரடிக்கும் களத்தின் ஓரத்திலோ கோயில் பொட்டலிலோ இரண்டு கம்பம் நட்டு, நடுவில் நைந்த வலை கட்டியிருக்கும். மாலை ஐந்து மணிக்கு மேல் வயலிலிருந்து வந்தவன், திராட்சைத் தோட்டத்தில் பந்தல் வேலை முடித்தவன், பள்ளிக்கூடப் பையன் எல்லோரும் ஒரே ஆட்டத்தில் நிற்பார்கள். கபடிக்குக் கம்பமும் வேண்டாம். கோடு போடச் சாம்பல் போதும். அந்தக் களத்தில் பத்து வருடம் அடித்துப் பழகிய பையன் பதினெட்டு வயதில் கல்லூரிக்குள் நுழைகிறான். கல்லூரி அவனுக்கு ஒரு பனியன் தருகிறது. அவன் கல்லூரிக்கு ஒரு கோப்பை தருகிறான். மூன்று வருடத்தில் கணக்கு முடிகிறது. பனியனைத் திருப்பிக் கொடுக்கவும் யாரும் சொல்வதில்லை.

போட்டிக்குப் போன இடத்தில் எங்களை யாரும் "எந்தக் காலேஜ்?" என்று கேட்டதாக நினைவில்லை. அது பனியனிலேயே இருந்தது. கேட்டது "எந்தூரு தம்பி?" என்றுதான். பல்லவராயன்பட்டியிலும் அய்யம்பட்டியிலும் ஜல்லிக்கட்டு நடக்கும்போது வாடிவாசல் திறக்குமுன் மைக்கில் மாட்டுக்காரர் பெயரும் ஊர்ப் பெயரும் முழங்கும். மாட்டுவண்டிப் பந்தயத்திலும் அப்படியே. பெரிய மாடு, நடு மாடு, கரிச்சான், பூஞ்சிட்டு, தேன்சிட்டு என்று மாட்டுக்குத் தனித்தனிப் பிரிவு உண்டு; எந்தப் பிரிவில் ஜெயித்தாலும் ஜெயிப்பது ஊர். இந்த மண்ணில் உடம்பின் வெற்றிக்கு முகவரி ஊர்ப்பெயர். கல்லூரி அதன் மேல் ஒட்டிய தபால்தலை மாதிரி.

இதைத்தான் மலருக்கு எழுதலாம் என்று நினைத்தேன். கல்லூரி விளையாட்டு என்று ஒன்று இங்கே இல்லை, ஊர் விளையாட்டு கல்லூரி வழியாகக் கடந்து போகிறது என்று. எழுதவும் தொடங்கினேன். அதற்கு முன் இந்த விளையாட்டுகளெல்லாம் எங்கிருந்து வந்தன என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளலாம் என்று போனதில் சங்கடமான ஒரு விஷயம் கிடைத்தது.

*

நம் ஊர்க் களங்களில் ஆடும் ஆட்டங்களில் இரண்டு கல்வி நிலையத்தின் வழியில் பிறந்தவை. 1891 டிசம்பரில், அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் இருந்த ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற கனடாக்கார ஆசிரியரிடம் பதினெட்டு மாணவர்கள் அடங்க மறுத்தார்கள். வெளியே பனி. உள்ளே ஒரே மாதிரி உடற்பயிற்சி. அவர்களைக் கட்டிப்போட ஓர் ஆட்டம் வேண்டும். நெய்ஸ்மித் பெட்டிகள் கேட்டார். பணியாளர் கொண்டுவந்தது பீச் பழக்கூடைகள். மாடி விளிம்பில் பத்தடி உயரத்தில் அவற்றை ஆணியடித்துப் பதின்மூன்று விதிகளை எழுதி ஒட்டினார். ஆட்டம் நடந்தது கால்பந்தை வைத்து. கூடையில் விழுந்த பந்தை ஏறி எடுக்க வேண்டியிருந்தது. நாலு வருடம் கழித்து, 1895இல், அதற்குப் பக்கத்தில் இருக்கும் ஹோலியோக் நகரின் ஒய்.எம்.சி.ஏ.வில் வில்லியம் மார்கன் வாலிபாலை உண்டாக்கினார். இவரும் ஸ்பிரிங்ஃபீல்டில் படித்தவர். அதே 1895இல்தான் பென்னிகுவிக் கட்டிய முல்லைப் பெரியாறு அணையின் தண்ணீர் மலையைக் குடைந்து இந்தப் பள்ளத்தாக்கில் இறங்கியது. இங்கே களம் நிறையத் தண்ணீர் வந்த வருடமும், அந்தக் களத்தில் பின்னாளில் வலை கட்டி ஆடப்போகும் ஆட்டம் பிறந்த வருடமும் ஒன்று.

ஸ்பிரிங்ஃபீல்டில் படித்த இன்னொருவர் ஹாரி குரோ பக். 1919இல் சென்னைக்கு வந்து 1920இல் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்வியியல் கல்லூரியைத் தொடங்கினார். 1924 பாரிஸ் ஒலிம்பிக்குக்குப் போன இந்திய அணியைப் பயிற்றுவித்து அழைத்துச் சென்றதும் அவர்தான். 1943இல் காலமாகும்வரை அவர் உருவாக்கியது ஓர் இனம்: கழுத்தில் விசில், வெள்ளைக் கால்சட்டை, விறைத்த முதுகு. மாகாணம் முழுக்கப் பள்ளிகளுக்கும் கல்லூரிகளுக்கும் அந்த இனம் பரவியது. மக்கள் அவர்களை டிரில் மாஸ்டர் என்றார்கள். எங்கள் பி.டி. சார் அந்தப் பரம்பரையில் எத்தனையாவது தலைமுறையோ, முதுகு மட்டும் அப்படியே இருந்தது.

ஆக, ஊரிலேயே படித்துவிட்டு வந்தான் என்று சார் சொன்ன வாலிபால், அவனுக்கும் முன்னால் ஏதோ ஒரு டிரில் மாஸ்டர் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுவந்து, பள்ளியில் ஆடிய எவனோ ஒருவன் சாயங்காலம் ஊருக்குக் கடத்திக்கொண்டு போனதுதான். கடத்தி வந்ததை ஊர் தன்னுடையதாக்கிக் கொண்டது. இப்போது கேட்டால், எங்க தாத்தா காலத்து ஆட்டம் என்பார்கள். அதுவும் பொய்யில்லை.

பிறந்த மண்ணில் அந்த ஆட்டங்கள் கல்லூரியை விட்டு இறங்கவில்லை. அமெரிக்காவில் ஒரு கல்லூரி அணிக்கு நிறம் உண்டு, சின்னம் உண்டு, பாட்டு உண்டு. படித்து முடித்து நாற்பது வருடம் ஆன பிறகும் அந்த நிறத்தில் சட்டை போட்டுக்கொண்டு ஆட்டம் பார்க்க வருகிறவர்கள் உண்டு. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்து மைதானத்தில் ஒரு லட்சத்துக்கும் மேல் ஆட்கள் உட்காரலாம். நெய்ஸ்மித்தே பின்னர் கான்சஸ் பல்கலைக்கழக அணிக்குப் பயிற்சியாளராக இருந்தார்; 55 ஆட்டங்களில் வெற்றி, 60இல் தோல்வி. அந்தப் பல்கலைக்கழகத்தின் கூடைப்பந்து வரலாற்றில் ஜெயித்ததைவிட அதிகமாகத் தோற்ற பயிற்சியாளர் அவர் ஒருவர்தான். ஆட்டத்தைக் கண்டுபிடித்தவரின் தோல்விக் கணக்கைக்கூட ஆட்டத்துக்கு ஆட்டம் எழுதி வைத்திருக்கிறார்கள். இங்கே ஜெயித்தவன் பெயரை எழுதப் பெயிண்டர் கிடைக்கவில்லை.

*

இங்கே ஏன் அப்படி ஆகவில்லை என்பதற்குச் சோம்பலை மட்டும் காரணம் சொல்லிவிட முடியாது. கல்லூரி நமக்கு வந்ததே பிந்தி. உத்தமபாளையத்தில் ஹாஜி கருத்த ராவுத்தர் பெயர் தாங்கிய ஹவுதியா கல்லூரி 1956இல் தொடங்கியது. போடிநாயக்கனூரில் ஏலக்காய் விவசாயிகள் சங்கத்தின் கல்லூரியும், பெரியகுளத்தில் பெண்களுக்கான ஜெயராஜ் அன்னபாக்கியம் கல்லூரியும் 1971இல் வந்தன. அதற்கு முன்பு படிக்க நினைத்தவன் மதுரைக்குப் பஸ் ஏறினான். 1881இல் தொடங்கிய அமெரிக்கன் கல்லூரி, 1949இல் தொடங்கிய தியாகராசர் கல்லூரி என்று அங்கே போய்ச் சேர்ந்தான்.

இரண்டாவது காரணம், நம் ஏற்பாட்டில் கல்லூரி என்பது நடுப்படி. கல்லூரிகளுக்கு இடையே போட்டி, அதில் பொறுக்கி எடுத்துப் பல்கலைக்கழக அணி, பல்கலைக்கழகங்களுக்கு இடையே போட்டி. ஹவுதியா தொடங்கிய அதே 1956-57இல்தான் சிறந்த பல்கலைக்கழகத்துக்கான மௌலானா ஆசாத் கோப்பையையும் மத்திய அரசு ஏற்படுத்தியது. பெரும்பாலும் அது அமிர்தசரஸ், பாட்டியாலா, சண்டிகர் என்று வடக்கேயே சுற்றியது. அதில் புள்ளிகள் பல்கலைக்கழகத்தின் கணக்கில் சேரும். பையன் எந்தக் கல்லூரியில் படித்தான் என்பது எங்கும் தெரியாது. நல்லவனாக இருந்தால் அவன் கல்லூரிப் பனியனைக் கழற்றிவிட்டுப் பல்கலைக்கழகப் பனியனைப் போடுகிறான். அதிலும் பிரமாதமாக ஆடினால் வங்கி, போலீஸ், ரயில்வே. கல்லூரியின் பெயரைப் போட்டுக்கொண்டே கடைசிவரை இருந்தவன் என்றால் அவன் என்னைப்போல நான்காவதாக வந்தவன் என்று அர்த்தம்.

எங்கள் காலத்தில் விடுதி அறைகளில் அடிக்கடி அடிபட்ட சொல் 'ஃபார்ம் த்ரீ'. மத்திய அரசு வேலையில் விளையாட்டு ஒதுக்கீட்டுக்கு வைக்கும் சான்றிதழில் பல வகை. சர்வதேசப் போட்டி ஆடியவனுக்கு ஒன்று, தேசியப் போட்டிக்கு இரண்டு, பல்கலைக்கழகங்களுக்கு இடையேயான போட்டிக்கு மூன்று, பள்ளிகளின் தேசியப் போட்டிக்கு நாலு. பள்ளத்தாக்குப் பையனுக்கு எட்டுகிற உயரம் மூன்றாவது. "யூனிவர்சிட்டி ஆடிட்டான்டா, ஃபார்ம் த்ரீ வந்துரும்" என்றால் அவன் வீட்டில் ஒரு தலைமுறை கரையேறிவிட்டது என்று அர்த்தம். ஆட்டத்தின் பெயர் மறந்துபோகும், எதிர்த்து ஆடியவன் மறந்துபோவான், அந்தத் தாள் மட்டும் பிளாஸ்டிக் உறைக்குள் பத்திரமாக இருக்கும். பணக்கார நாட்டில் கல்லூரி அணி ஏக்கத்தை வளர்க்கும்; இங்கே அது காக்கிச் சட்டையாகவோ வங்கி கவுண்டராகவோ மாறிவிடும். அதைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. என் ஓட்டத்துக்கு அந்தத் தாள் கிடைத்திருந்தால் நானும் இப்படி எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

மூன்றாவது, தண்ணீர்போல ஆட்களும் இங்கிருந்து வைகை வழியாக மதுரைக்குப் போய்விடுவார்கள். பிளஸ் டூவில் நன்றாக ஆடுகிற பையனை, இலவச சீட், ஹாஸ்டல், மூன்று வேளைச் சாப்பாடு என்று வெளியூர்க் கல்லூரிகள் வந்து அள்ளிக்கொண்டு போகும். மிஞ்சியவர்களை வைத்து எங்கள் சார் அணி கட்டுவார். போட்டிக்குப் போவது அரசுப் பஸ்ஸில், பெரும்பாலும் நின்றுகொண்டு. மதுரை–போடி மீட்டர்கேஜ் ரயில் இருந்த காலத்தில் ஸ்பைக்ஸை ஜன்னல் கம்பியில் கட்டித் தொங்கவிட்டபடி போன நினைவு உண்டு. 2010 கடைசியில் அந்த வண்டியை அகலப்பாதைக்காக நிறுத்தினார்கள். தேனிக்கு ரயில் திரும்பி வந்தது 2022இல், போடிக்கு 2023இல். பல செட்டு மாணவர்கள் ரயிலையே பார்க்காமல் கல்லூரியை முடித்து வெளியேறினார்கள்.

*

ஊர்தான் அடையாளம் என்று நான் எழுதியதற்கு எவரும் மறுக்க முடியாத சாட்சி பெரியகுளம். மே மாதம் அங்கே மாம்பழத்துக்கும் கூடைப்பந்துக்கும் சீசன். சில்வர் ஜூபிளி ஸ்போர்ட்ஸ் கிளப் நடத்தும் அகில இந்தியப் போட்டி, பி.டி. சிதம்பரசூரிய நாராயணன் நினைவுச் சுழற்கோப்பைக்காக நடப்பது, அறுபது போட்டிகளைத் தாண்டிவிட்டது. இந்தியன் வங்கி, இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, படைப்பிரிவுகள், ரயில்வே என்று பெரிய அணிகளெல்லாம் ஒரு நகராட்சி ஊருக்கு வந்து ஆடிவிட்டுப் போகின்றன.

பனிக்குப் பயந்து கூரைக்குள் கண்டுபிடித்த ஆட்டத்தை இங்கே வெயிலுக்குப் பயந்து ராத்திரியில் வெட்ட வெளியில் ஆடுகிறார்கள். சோத்துப்பாறை அணைப் பக்கமிருந்து காற்று இறங்கும் நேரம். விளக்கைச் சுற்றிப் பூச்சி. பார்க்க வந்திருப்பவர்களில் தோட்டக்காரர், கமிஷன் கடைக்காரர், பேரனை மடியில் வைத்திருக்கும் கிழவி. ஒருமுறை எனக்குப் பின்வரிசையில் ஒரு பெரியவர், தோளில் துண்டு, வாயில் வெற்றிலை, "ரீபவுண்டுக்கு ஆளே போகலயேப்பா, எல்லாவனும் வெளிய நின்னு வேடிக்கை பாக்குறான்" என்று அலுத்துக்கொண்டார். இந்திய ஆண்கள் கூடைப்பந்து அணி ஒலிம்பிக்கில் ஆடியது ஒரே ஒரு தடவை, 1980 மாஸ்கோவில். அங்கும் ஓர் ஆட்டத்தில்கூட ஜெயிக்கவில்லை. பெருநகரங்களில் இது பணக்காரப் பள்ளிகளின் ஆட்டம். அப்படிப்பட்ட ஆட்டத்தில் ரீபவுண்டுக்காக வருத்தப்படும் வெற்றிலைப் பெரியவர் எங்கிருந்து வந்தார்? எந்தக் கல்லூரியும் அவரை உண்டாக்கவில்லை. அறுபது கோடைகள் உண்டாக்கின.

ஒரு கல்லூரி அணி மூன்று வருடத்துக்கு ஒருமுறை முழுசாக ஆள் மாறும். முதல்வர் மாறுவார், பி.டி. மாறுவார். மாறாமல் இருப்பது பார்க்கிறவர்கள்தான். அமெரிக்கக் கல்லூரி தன் பார்வையாளர்களைத் தானே வளர்த்து வைத்துக்கொண்டது. இங்கே பார்வையாளர்களை வைத்திருப்பது ஊர். ஆகவே அடையாளமும் ஊரிடம்தான் இருக்கும் என்று எழுதி முடித்தேன். நான்கு பக்கத்துக்குச் சரியாக வந்திருந்தது. கடைசி வரி எனக்கே பிடித்திருந்தது. பிடித்துப்போன கடைசி வரியை ஒருநாள் ஆறப்போட வேண்டும் என்று தெரிந்தும், கவரில் போட்டு அனுப்பக் கிளம்பினேன்.

*

தேனிப் பேருந்து நிலையத்தில் ஐந்தாறு பெண்கள் டிராக் சூட்டில் நின்றிருந்தார்கள். காலருகே பெரிய பை, ஒருத்தியின் முழங்காலில் கிரேப் பேண்டேஜ். முதுகில் கல்லூரியின் பெயர். எனக்குப் பழைய பழக்கம்.

"எந்தூரும்மா?"

ஒருத்தி கல்லூரியின் பெயரைச் சொன்னாள்.

"அது போட்டுருக்கே. சொந்த ஊரு?"

சொன்னாள். எனக்குத் தெரிந்த ஊர்தான். கபடிக்குப் பேர் போன ஊர். "அட, உங்க ஊருல நல்ல கிரவுண்டு ஆச்சே, அங்க பழகுனதா?" என்றேன். பெண்கள் எல்லாரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள்.

"ஊருல எங்க சார் விளாட? அது பசங்க கிரவுண்டு. அந்தப் பக்கம் குறுக்க நடந்து போனாக்கூட வீட்டுல வந்து சொல்லிருவாங்க."

அவர்கள் பஸ் வந்து ஏறிப் போய்விட்டார்கள். கையில் இருந்த கவர் கனத்தது. நான் எழுதியிருந்த 'ஊர்' என்பதில் பாதி ஊர் இல்லவே இல்லை.

கதிரடிக்கும் களத்தில் சாயங்காலம் எல்லோரும் ஒரே ஆட்டத்தில் நிற்பார்கள் என்று எழுதியிருந்தேன். அந்த எல்லோரில் ஒரு பெண்கூட இல்லை என்பது எழுதும்போது உறைக்கவில்லை. அதே களத்தில் காலையில் நெல் தூற்றுவது பெண்கள்தான். ஐந்து மணிக்குக் களம் ஆண்களிடம் கைமாறுகிறது. இந்தப் பள்ளத்தாக்கில் ஒரு பெண் குழந்தை கூச்சமில்லாமல் ஓடிய முதல் மண் பள்ளிக்கூடத்துக்குள் இருந்திருக்கும். வளர்ந்த பிறகு ஓடிய ஒரே மண் கல்லூரிச் சுவருக்குள் இருந்திருக்கும். பையனுக்குக் கல்லூரி நடுப்படி என்றேன். அவளுக்கு அதுதான் ஊர். "எந்தூரு?" என்றதற்கு அவள் கல்லூரியின் பெயரைச் சொன்னது கேள்வி புரியாமல் அல்ல.

பெரியகுளத்துப் பெண்கள் கல்லூரி வந்த 1971க்கு அடுத்த வருடம், 1972இல், அமெரிக்காவில் ஒரு சட்டம் வந்தது. அரசுப் பணம் வாங்கும் கல்வி நிறுவனம் எதிலும் பெண் என்பதால் ஒதுக்கக்கூடாது என்றது அது. சட்டத்தின் வாசகத்தில் விளையாட்டு என்ற சொல்லே இல்லை. ஆனால் அந்த நாட்டுப் பெண்களின் விளையாட்டு வரலாற்றை அதற்கு முன், அதற்குப் பின் என்றுதான் பிரித்துச் சொல்கிறார்கள். இங்கே சட்டம் வரவில்லை. சுவர் வைத்த ஒரு கல்லூரி வந்தது, சுவருக்குள் கொஞ்சம் மைதானம் இருந்தது, விசில் போட்ட ஓர் அம்மா இருந்தார். 1984இல் கொடைக்கானலில் அன்னை தெரசா பெண்கள் பல்கலைக்கழகம் தொடங்கியபின், ஜெயராஜ் அன்னபாக்கியம் மாதிரியான கல்லூரிகள் அதன்கீழ் வந்தன. ஒரே வீட்டில் அண்ணன் மதுரை காமராசர் பல்கலைக்கழகப் பனியனும் தங்கை அன்னை தெரசா பனியனும் போடலாம். அண்ணன் தன் பனியனைக் கழற்றிய பிறகும் சாயங்காலக் களம் அவனுக்குத் திறந்தே இருக்கும். தங்கைக்கு, பனியன் கழன்ற அன்றோடு மைதானமும் கழன்றுவிடும்.

கல்லூரி விளையாட்டின் அடையாளம் எது என்று மலர்க்காரர்கள் கேட்டதற்கு, யாருக்கு வேறு மைதானம் இல்லையோ அவர்களிடம் கேளுங்கள் என்று ஒரே வரியில் சொல்லியிருக்கலாம். நான் அலமாரியிடமும் ஓய்வுபெற்றவரிடமும் கேட்டுவிட்டு வந்திருந்தேன்.

*

கவரை அனுப்பாமல் வீட்டுக்கு வந்தேன். சாப்பிடும்போது மனைவியிடம் பஸ் ஸ்டாண்டு கதையைச் சொன்னேன். கேட்டுக்கொண்டே ரசம் ஊற்றினாள். பெண் பார்க்கப் போன அன்று என் மாமனார், "பொண்ணு படிக்கும்போது கோ-கோ எல்லாம் விளாடுவா" என்று சொன்னது திடீரென ஞாபகம் வந்தது. நன்றாகச் சமைப்பாள், தையல் தெரியும் என்பவற்றுக்கு நடுவில் சொன்னது. இத்தனை வருடத்தில் அதன் மேல் நான் ஒரு கேள்விகூடக் கேட்டதில்லை.

"உன் பனியன் இருக்கா?" என்றேன்.

கையைத் துடைத்துக்கொண்டு போய்ப் பீரோவைத் திறந்தாள். பட்டுப் புடவைகளுக்கு அடியில், செய்தித்தாளில் சுற்றி, நடுவில் இரண்டு நாப்தலின் உருண்டை. பச்சை நிறம். மார்பில் கல்லூரியின் பெயர் ஓர் எழுத்துக்கூட உதிராமல் இருந்தது.

"என்னோடத மட்டும் வண்டி துடைக்கப் போட்டியே?"

"நீங்கதான் இப்பவும் காலையில ட்ராயரப் போட்டுட்டு ரோட்டுல ஓடுறீங்களே. உங்களுக்கு எதுக்குப் பழைய பனியன்?"

டீமில் யார் யார் என்று கேட்டேன். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. கோ-கோவில் எட்டுப் பேர் வரிசையாக, ஒருத்தி கிழக்கே பார்த்தால் அடுத்தவள் மேற்கே பார்த்து உட்கார்ந்திருப்பார்கள். ஒன்பதாவது ஆள் விரட்டுவாள். அவர்கள் உட்கார்ந்திருந்த வரிசையிலேயே, யார் எந்தப் பக்கம் பார்த்திருந்தாள் என்பதுவரை, எட்டுப் பெயரையும் சொன்னாள். நான் மலருக்கு எழுதிய தாளைத் திருப்பிப் போட்டு, பின்பக்கத்தில் ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டேன். ஒன்பதாவது பெயரை அவள் சொல்லவில்லை. நானே எழுதினேன்.